வெள்ளை அட்டைக்கு அடைக்கலமேரி சொன்ன கதை

அடைக்கலமேரிக்கு அதிகாரம் பிடிக்கும். இதைக் குறையாகச் சொல்லவில்லை. சிலருக்குக் கருவாடு பிடிக்கும், சிலருக்குத் தூக்கம் பிடிக்கும், அவளுக்கு நாலு பேர் தன் சொல் கேட்டு நடப்பது பிடிக்கும். அவள் எனக்கு ஓரகத்தி. என் வீட்டுக்காரருடைய அண்ணன் பாஸ்கலைக் கட்டிக்கொண்டு ராயபுரத்துக்கு வந்த முதல் வாரமே தெருவுக்கு வரும் தண்ணி லாரியின் குழாயைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டாள் என்று எங்கள் மாமியார் சொல்வார். நான் மருமகளாக வந்தபோதும் குழாய் அவள் கையில்தான் இருந்தது. கைக்குழந்தைக்காரிக்கு முதலில் தண்ணி. படியேற முடியாத கிழங்களுக்கு அடுத்தது. வரிசையாகக் குடத்தை அடுக்கி முந்துகிறவளுக்குக் கடைசியில். எல்லோரும் அவளைத் திட்டுவார்கள். திட்டிக்கொண்டே குடத்தை அவளிடம்தான் நீட்டுவார்கள். அவள் ஊரில் இல்லாத நாளில் லாரியைச் சுற்றி நடக்கும் அடிதடியைப் பார்த்தவர்களுக்குத்தான் அவள் அருமை தெரியும்.

பாஸ்கலுக்கு ஹார்பரில் கன்டெய்னர்களைக் கம்பி போட்டு இறுக்குகிற ஒப்பந்த வேலை. கப்பல் வந்தால் வேலை உண்டு. வராவிட்டால் வீட்டில் டிவி முன்னால் அவளுக்குப் பயந்துகொண்டு உட்கார்ந்திருப்பார். அதனால் வருஷம் முழுக்க ஓடுகிற சம்பளம் அவளுடையதுதான். திருவொற்றியூர் பக்கம் ஒரு இறால் கம்பெனியில் அவளுக்கு வேலை. ஐஸ் தண்ணீரில் கைவிட்டு இறால் உரிக்க வேண்டும். கையுறை போட்டாலும் விரல் வெளுத்து ஊறிப்போய்விடும். ரப்பர் பூட்ஸுக்குள் கால் எப்போதும் ஈரம். குளிரில் நின்று வேலை செய்கிற பெண்ணுக்கு அடிக்கடி பாத்ரூம் போக வேண்டியிருக்கும். இதைக் கம்பெனிக்காரன் ஒத்துக்கொள்ள மாட்டான்.

அந்த ஷெட்டில் ஒரு பழக்கம். சூப்பர்வைசர் மேஜையில் இரண்டே இரண்டு சிவப்பு டோக்கன் தொங்கும். பாத்ரூம் போகிறவள் அவரிடம் கேட்டு ஒன்றை வாங்கிக்கொண்டு போக வேண்டும். டோக்கன் திரும்பி வந்த பிறகுதான் அடுத்தவள் போகலாம். சூப்பர்வைசர் ஜெயவேல் கெட்டவர் இல்லை. ஆனாலும் ஆம்பளை. மாதத்தில் அந்த மூன்று நாளில் திரும்பத் திரும்பப் போய்க் கேட்பதற்குக் கூசிப்போய், மதியம் வரைக்கும் தண்ணீரே குடிக்காமல் நிற்கிற பெண்கள் இருந்தார்கள். நீர்க்கடுப்பு வந்து ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்களும் இருந்தார்கள்.

போன வருஷம் ஜெயவேலைக் கம்பெனியின் இன்னொரு கிளைக்கு மாற்றப்போவதாகப் பேச்சு வந்தது. அந்த இடத்துக்கு இந்தத் தடவை ஒரு பெண்ணைப் போடுவோம் என்று மேனேஜரே சொன்னார். ஷெட்டில் எல்லோர் வாயிலும் ஒரே பெயர்தான் வந்தது. அடைக்கலமேரியும் தனக்குத்தான் என்று மனதில் முடிவு செய்துவிட்டாள். நான் மீன் கழுவிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"சம்பளத்துக்கு இல்ல கரோலு. அந்த டோக்கனு என் கைக்கு வரணும். வந்த அன்னிக்கே அத எடுத்துகினு போயி காசிமேட்டு கடல்ல கடாசிடுவேன்."

"அப்பறம் மேனேஜரு உன்ன கடாசிடுவாரு."

"கடாசட்டும். டோக்கனு திரும்பி வராதில்ல."

இந்தச் சமயத்தில்தான் டெபோரா வந்தாள். பக்கத்துத் தெருப் பெண். அவளுடைய ஞானஸ்நானத்துக்கு ஞானத்தாயாக நின்றது அடைக்கலமேரிதான். முதல் தடவை கோவிலில் அப்பம் வாங்குகிற புதுநன்மைக்கு வெள்ளைக் கவுன் எடுத்துக் கொடுத்ததும் இவள்தான். அந்தப் பெண் மனோதத்துவம் படித்து, இப்போது டாக்டர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். மனிதர்களுக்கு உள்ளுக்குள் என்ன தேவை, எதற்காக ஓடுகிறார்கள் என்று அளக்கிற ஆராய்ச்சி. நேராகக் கேட்டால் யாரும் உண்மையைச் சொல்ல மாட்டார்கள், அவர்களுக்கே அது தெரியாது என்றாள். அதனால் ஒரு படத்தைக் காட்டி, இதில் என்ன நடக்கிறது என்று ஒரு கதை சொல்லச் சொல்வார்களாம். சொல்கிறவருக்கு எதில் ஏக்கமோ அது கதைக்குள் தானே வந்துவிடுமாம். ஜெயிக்க வேண்டும் என்று ஒரு தேவை, நாலு பேரோடு ஒட்டி இருக்க வேண்டும் என்று ஒன்று, அடுத்தவரை நடத்த வேண்டும் என்று ஒன்று. கதையை வரி வரியாகப் பார்த்து இது இவ்வளவு, அது இவ்வளவு என்று மதிப்பெண் போடுவார்களாம்.

என் சமையலறையில் வைத்து எனக்கும் ஒரு படம் காட்டினாள். ஜன்னலோரம் ஒரு பெண் நின்று வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். அடுப்பில் பால் வைத்துவிட்டு இவள் இங்கே நிற்கிறாள், பொங்கப் போகிறது என்றேன். டெபோரா சிரித்துவிட்டு எனக்கு மதிப்பெண் எதுவும் போட முடியாது என்றாள்.

அவளுக்கு ஒரே இடத்தில் வேலை பார்க்கிற பெண்கள் நிறைய பேர் வேண்டும். இறால் கம்பெனியில் கேட்டதற்குச் சரி என்றார்கள், கடைசியில் மொத்தமாக ஒரு அறிக்கை மட்டும் கொடுத்தால் போதும் என்றார்கள். யார் பெயரும் வராது என்று டெபோரா சத்தியம் செய்தாள். ஷெட்டுப் பெண்களோ வர மறுத்தார்கள். கம்பெனி அனுமதித்த காரியம் என்றாலே அவர்களுக்குச் சந்தேகம்தான். அடைக்கலமேரி ஒவ்வொருத்தியிடமும் போய்ப் பேசினாள். "நான் தூக்கி வளத்த பொண்ணு. அவ வாயில இருந்து ஒன்னியும் வெளிய வராது. நான் கேரண்டி." அந்த ஒரு வார்த்தைக்குத்தான் வந்தார்கள்.

ஷெட்டில் வைத்து யாரும் பேச மாட்டார்கள் என்பதால் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து எங்கள் கோவில் ஹாலில் ஏற்பாடு. அது ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம். நாங்கள் பாவங்களைச் சொல்ல, கேட்டதை யாரிடமும் சொல்லாத வெளியூர் ஃபாதர்கள் வந்து பாவசங்கீர்த்தனம் கேட்பதற்காக ஹாலின் மூலையில் ஊதாத் துணி கட்டிய ஒரு திரை வைத்து, அதன் பின்னால் இரண்டு நாற்காலி போட்டிருந்தார்கள். ஒன்று நேராக, ஒன்று பக்கவாட்டில். அந்த மூலையில்தான் மின்விசிறி ஓடும். பேசுவதும் வெளியே கேட்காது. அங்கேயே உட்காரு என்று டெபோராவுக்கு இடம் காட்டியதும் அடைக்கலமேரிதான். அதில் தப்பு இருப்பதாக எங்களில் யாருக்கும் தோன்றவில்லை.

நான் டீ ஊற்றிக் கொடுக்கப் போயிருந்தேன். முதலில் போனவள் சிலுவை போட்டுக்கொண்டு உள்ளே போனதைப் பார்த்தேன். பக்கவாட்டு நாற்காலியில் டெபோராவின் முகத்தைப் பார்க்காமல் உட்கார்ந்தாள். சின்னப் பிள்ளையில் இருந்து அந்தத் திரைக்குப் பின்னால் எப்படி உட்கார்ந்து பழக்கமோ அப்படி. அடுத்தவளும் அதையே செய்தாள். பிறகு வந்தவர்கள் எல்லோரும் அதே மாதிரி. படத்தில் இருக்கிற பெண்ணின் கதையைச் சொல்ல ஆரம்பித்து, நடுவில் அது சொல்கிறவளின் கதையாகிவிடும் போலிருக்கிறது. உள்ளேயிருந்து அழுகைச் சத்தம் கேட்கும். வெளியே வருகிறவள் முகம் கழுவித் துடைத்த மாதிரி இருக்கும். ஒருத்தி நேராகக் கோவிலுக்குள் போய் முழந்தாளிட்டு மூன்று அருள் நிறைந்த மரியே சொன்னாள். பாவத்துக்குப் பரிகாரமாக ஜெபம் சொல்லும்படி யாரும் அவளுக்கு அபராதம் கொடுக்கவில்லை. பழக்கம்தான்.

வியாசர்பாடியில் இருந்து வருகிற அம்மு என்னிடம் வந்து, "இன்னாக்கா, நாங்க புத்தர கும்பிடறவங்கோ. நானும் நெத்தியில கை வெச்சிகினு தான் போவணுமா?" என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். ஆனாலும் எதற்கு வம்பு என்று அவளும் ஒரு சிலுவை போட்டுக்கொண்டுதான் போனாள்.

அடைக்கலமேரி கடைசியாகப் போனாள். உள்ளே அழுகை இல்லை, சிரிப்புச் சத்தம்தான் கேட்டது. அன்று சாயங்காலம் துணி மடித்துக்கொண்டே என்னிடம் சொன்னாள். கடைசியில் டெபோரா நீட்டியது படமே இல்லாத வெறும் வெள்ளை அட்டையாம். நீயே ஒரு படத்தை நினைத்துக்கொண்டு கதை சொல் என்றாளாம்.

"நான் சொன்னேன் கரோலு. ஒரு ஷெட்டு. பொம்பளைங்கோ எல்லாம் உள்ள கீறாங்க. ஒருத்தி போயி கதவ உள்பக்கமா பூட்டி சாவிய இடுப்புல சொருவிக்கிறா. மேனேஜரு வெளிய நின்னுகினு தட்றாரு. இன்னா வோணும்ங்கறா. பாத்ரூம் போவணும்மாங்கறாரு. டோக்கனு கீதாங்கறா."

நாங்கள் இரண்டு பேரும் சிரித்ததில் மடித்த துணியெல்லாம் கலைந்தது.

ஈஸ்டர் முடிந்து சில வாரம் கழித்து மேனேஜர் அவளை அறைக்கு வரச் சொல்லியிருப்பதாகத் தகவல் வந்தது. மாதா திருநாளுக்கு எடுத்த புடவையைக் கட்டிக்கொண்டு போனாள். பாஸ்கல் வாசல் வரைக்கும் வந்து வழியனுப்பினார். அவர் அப்படி யாரையும் வழியனுப்பி நான் பார்த்ததில்லை.

மேனேஜர் நாற்காலி போட்டு, டீயும் வரவழைத்தாராம். அப்போதே தனக்குப் புரிந்துவிட்டது என்றாள். கம்பெனியில் உட்காரச் சொல்லி டீ கொடுத்தால் நல்ல சேதி இருக்காது. சூப்பர்வைசர் வேலையை அதே ஷெட்டில் இறால் உரிக்கிற ஃப்ளோராவுக்குக் கொடுத்திருப்பதாகச் சொன்னார். ஃப்ளோரா நல்ல பெண். யார் எதைக் கேட்டாலும் இல்லை என்று சொல்லத் தெரியாது, அவ்வளவுதான். ஏன் சார் என்று இவள் கேட்டதற்கு, எல்லோரையும் அனுசரித்துப் போகிற ஆள் தேவைப்படுகிறது என்றார். எழுந்து வாசல் வரைக்கும் வந்தவளைப் பின்னாலிருந்து கூப்பிட்டு, சிரித்துக்கொண்டே கேட்டிருக்கிறார்.

"நான் பாத்ரூம் போவணும்னா உங்கிட்ட டோக்கன் கேட்டு நிக்கணுமாமே, அடைக்கலமேரி?"

வீட்டுக்கு வந்து புடவை மாற்றவில்லை. என் எதிரில் வந்து நின்று என் முகத்தையே பார்த்தாள்.

"நீ யாருகிட்டயாச்சும் சொன்னியா?"

எனக்குச் சுருக்கென்றது. இத்தனை வருஷம் ஒரே வீட்டில் ஒரே அடுப்பங்கரை. பிள்ளைகள் மேல் சத்தியம் செய்தேன். அவளும் நம்பினாள். ஆனால் என்னைக் கேட்டுவிட்டுத்தான் நம்பினாள். நான் இல்லை என்றால் அந்தக் கதையைக் கேட்டது இன்னும் ஒரே ஒரு ஆள்தான். அந்தப் பெயரை நாங்கள் இரண்டு பேரும் வாயால் சொல்லவில்லை.

சொல்ல வேண்டிய தேவையும் வரவில்லை. அந்த ஞாயிறே டெபோரா ஸ்வீட் பாக்ஸோடு படியேறி வந்தாள். வாசலிலேயே, "அத்த, ஆர்டர் வந்துச்சா?" என்றாள். முகம் முழுக்கச் சிரிப்பு. அதைப் பார்த்ததும் எனக்குக் குழப்பமாகிவிட்டது. காட்டிக்கொடுத்தவள் லட்டோடு வருவாளா?

அடைக்கலமேரி உட்காரச் சொன்னாள். மேனேஜர் சொன்னதைச் சொன்னாள். டெபோராவின் சிரிப்பு மெதுவாகப் போயிற்று.

பிறகு ஒவ்வொன்றாக வந்தது. பெயர் இல்லாத அறிக்கையைத்தான் கொடுத்திருக்கிறாள். அதற்கப்புறம் மேனேஜர், சூப்பர்வைசர் இடத்துக்கு யார் தகுந்தவர் என்று உன் படிப்பை வைத்துச் சொல்லேன் என்று கேட்டிருக்கிறார். அத்தைக்கு வேலை கிடைக்கட்டும் என்று இவள் பெயரைச் சொல்லிவிட்டாள். மதிப்பெண்ணைச் சொன்னாள். நம்ப வேண்டுமே என்று அந்த வெள்ளை அட்டைக் கதையையும் சொன்னாள்.

"நல்லதுக்குத் தான் சொன்னேன் அத்த. ஆராய்ச்சியிலயே அப்பிடித் தான் கீது. அதிகாரம் வோணும்ங்கற ஆச தூக்கலா இருக்கணும், எல்லாருக்கும் நம்மள புடிக்கணும்ங்கறது கம்மியா இருக்கணும். அவுங்க தான் ஆளுங்கள நல்லா நடத்துவாங்க. உனக்கு அளவெடுத்த மாரி அப்பிடியே கீது. ஃப்ளோராக்காவுக்கு அப்பிடியே தலகீழா கீது."

அவள் அளந்ததில் தப்பு இல்லை. அதை நான் இன்றைக்கும் சொல்வேன். தண்ணி லாரியைப் பார்த்த யாரும் அதே அளவைத்தான் சொல்வார்கள். மேனேஜரும் அந்த அளவை நம்பினார். நம்பியதால்தான் ஃப்ளோராவைப் போட்டார். நல்லா நடத்துகிற ஆள் தனக்கு வேண்டும் என்று அவர் எப்போது சொன்னார்?

அடைக்கலமேரி ஒன்றை மட்டும் கேட்டாள்.

"நாங்கோ அங்க எப்பிடி ஒக்காந்தோம்? பாவசங்கீர்த்தனத்துக்கு ஒக்கார்ற மாரி ஒக்காந்தோம். நீயும் இந்த கோயில் பொண்ணு தான. உனக்குத் தெரியலயா?"

டெபோரா லட்டுப் பெட்டியின் நூலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தெரிஞ்சுது அத்த."

"தெரிஞ்சு?"

"எடம் மாத்துனா கத நின்னுடும்னு தோணுச்சு. அப்பிடிப்பட்ட கதைங்க யாருக்கும் கெடைக்காது."

நான் பெரிய சண்டையை எதிர்பார்த்தேன். தெருவே கூடும் என்று எழுந்து கதவைச் சாத்தப் போனேன். அடைக்கலமேரி பெட்டியை எடுத்து அவள் மடியில் வைத்தாள். "எடுத்துகினு போ, வூட்டுல பசங்களுக்கு சக்கர ஆவாது," என்றாள். எங்கள் வீட்டில் சர்க்கரை ஆகாத பிள்ளை ஒன்றும் கிடையாது. டெபோரா அழுதாள், மன்னிப்புக் கேட்டாள். பெட்டியோடு படியிறங்கிப் போனாள். ஞானஸ்நானத் தண்ணீர் ஊற்றும்போது அவள் தலையைத் தாங்கிப் பிடித்த கை அன்றைக்கு அவளைத் தொடக்கூட இல்லை.

ஃப்ளோரா சூப்பர்வைசராக ஒரு மாதம் ஓடியது. கேட்டவர்களுக்கெல்லாம் டோக்கனைக் கொடுத்தாள். இரண்டு டோக்கன் போதாமல் சும்மாவும் அனுப்பினாள். முதல் வாரம் ஷெட்டே அவளைக் கும்பிட்டது. பிறகு ஒரே நேரத்தில் பத்துப் பேர் போக, உரிக்காத இறால் குவிந்தது. நீங்களே ஒழுங்காகப் போய்வாருங்கள் என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. மேனேஜர் வந்து பார்த்தார். டோக்கன் இரண்டையும் கழற்றிக்கொண்டு போய்த் தன் கண்ணாடி அறையில் மாட்டிவிட்டார். இப்போது பாத்ரூம் போக வேண்டும் என்றால் ஷெட்டைத் தாண்டிப் போய் மேனேஜரிடமே கேட்க வேண்டும். ஜெயவேல் காலமே பரவாயில்லை என்கிறார்கள். ஃப்ளோரா சாப்பாட்டு நேரத்தில் அழுகிறாளாம். அடைக்கலமேரி அதே மேஜையில் அதே இடத்தில் நின்று இறால் உரிக்கிறாள்.

அது போதாதென்று இன்னொன்று. இவள் கதை வெளியே போய்விட்டது தெரிந்ததும் மற்றவர்களுக்குப் பயம் பிடித்துக்கொண்டது. நாம் என்னென்ன சொன்னோம், அதெல்லாம் யார் கையில் இருக்கிறதோ என்று. வேறு யாருடைய கதையையும் சொல்லவில்லை என்று டெபோரா பைபிள் மேல் கைவைத்துச் சொன்னதாகக் கேள்வி. யார் நம்புவார்கள்? டெபோராவை அவர்கள் எங்கே பிடிப்பது. கையருகில் கிடைத்தவள் இவள்தான். ஷெட் வாசலில் வைத்து அம்மு கேட்டுவிட்டாள். "நீ தானக்கா கேரண்டின்ன. உன்ன நம்பித் தான நானு சிலுவலாம் போட்டுகினு போனேன்."

அதற்கு அடைக்கலமேரி ஆமாம் என்று தலையாட்டினாளாம். இதை அவள் எனக்குச் சொன்னபோதுதான் முதல் தடவையாகக் கண் கலங்கியது. மேனேஜர் கேட்டபோது கலங்கவில்லை. டெபோரா போனபோதும் கலங்கவில்லை.

இந்த வருஷம் தவக்காலம் வந்தது. அதே ஹால், அதே மூலை, அதே ஊதாத் துணி. வெளியூரில் இருந்து ஒரு வயசான ஃபாதர் வந்து உட்கார்ந்திருந்தார். வரிசையில் அடைக்கலமேரிக்கு அடுத்து நான். அவள் முறை வந்தது. போகும்போது சிலுவை போடவில்லை. நேராகப் போய்த் திரையை விலக்கி உள்ளே யார் இருக்கிறார் என்று பார்த்தாள். ஃபாதர் திடுக்கிட்டு நிமிர்ந்தார்.

"ஃபோனு கீதா சாமி?"

அவர் அங்கியைத் தடவி எடுத்துக் காட்டினார்.

"அமத்திடுங்க."

பாவம், அமர்த்தினார். இவள் முகம் பார்க்கிற மாதிரி நாற்காலியை நேராகத் திருப்பிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். அதன் பிறகுதான் சிலுவை போட்டாள், போட்டு முடித்த கையோடு எழுந்து வந்துவிட்டாள் என்றுதான் சொல்ல வேண்டும். அவ்வளவு சீக்கிரம்.

வீட்டுக்கு வரும் வழியில் என்ன சொன்னாய் என்று கேட்டேன். பொதுவாக அதைக் கேட்கக் கூடாது, ஆனால் கேட்டேன்.

"பாஸ்கல திட்டினேன்னு சொன்னேன். ரெண்டு வாரம் பூசைக்கு வரலன்னு சொன்னேன். மூணு அருள் நிறைந்த மரியே சொல்ல சொன்னாரு."

"டெபோரா விஷயம்?"

"அத எதுக்கு அவரண்ட சொல்லணும்?"

"கோவத்த மனசுல வெச்சிகினு நன்மை வாங்கக் கூடாதுக்கா."

"அப்ப வாங்கல," என்றாள். அந்த ஞாயிறு நன்மைக்கு எல்லோரும் வரிசையாகப் போனபோது அவள் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தாள். நாலு பெஞ்சு முன்னால் இருந்து டெபோரா ஒரு முறை திரும்பிப் பார்த்தாள். அவளும் எழுந்து போகவில்லை.

இதை எழுதட்டுமா என்று போன வாரம் கேட்டேன். தண்ணி லாரி வந்திருந்தது. குழாயை இடுக்கிக்கொண்டு யாருடைய குடத்தையோ காலால் தள்ளிவிட்டுக்கொண்டிருந்தாள். பெயரை மாற்றிவிடட்டுமா என்றும் கேட்டேன்.

"பேரு வராதுன்னு சொல்லித் தான் ஒருத்தி எடுத்துகினு போனா. நீ பேரோடவே எழுது," என்றாள். "அடைக்கலமேரி, இறால் கம்பெனின்னு எழுது. அந்த வெள்ள அட்ட கதையையும் எழுது. சாவி என் இடுப்புல தான் கீதுன்னு போடு."